கீழ்க்கோயிலும் மேல்கோயிலும்

எதிர்வீட்டு விதவைக்குக் காய்ச்சல் வந்தால்கூட எங்கள் சிஞ்ஞோராவுக்கு, வீட்டுக்கார அம்மாவுக்கு, பொறுக்காது. டாக்டர் பெட்டியோடு அந்த வீட்டுப் படி ஏறுவதைப் பல்கனியிலிருந்து பார்த்துவிட்டால் போதும், இவருக்கும் தலை சுற்றத் தொடங்கிவிடும். "அவளுக்கு மட்டும் டாக்டர் வாறான். அப்ப நான் என்ன கல்லோ?" என்பார். நான் கீழே ஓடிப்போய் டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவர வேண்டும். அவரும் நல்ல மனிதர். ஒன்றுமில்லை என்று சொன்னால் கிழவி கோபிக்கும் என்று தெரிந்து, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பாணி மருந்து எழுதிக் கொடுப்பார். அந்த மருந்துப் போத்தல் மேசைக்கு வந்த பிறகுதான் சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு இறங்கும்.

தொண்ணூறுகளில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நான் அவர் வீட்டில் வேலை செய்தேன். அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்தில், பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. அவர் தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து வந்த வேதக்காரி, கத்தோலிக்கச்சி. என் கணவர் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவினார். நான் சிஞ்ஞோராவைக் குளிக்கவார்த்தேன், சமைத்தேன், கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவர் பேசியது சிசிலியன். கேட்டுக் கேட்டு அது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழத் தொடங்கிவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சந்தைக்குப் போய்வந்தால் பையை முதலில் அவர்தான் கிளறுவார். ஒருநாள் மரக்கறிக்காரன் எனக்கு ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, சும்மா போட்டுவிட்டான். அதைக் கண்டுபிடித்ததும் சிஞ்ஞோராவின் முகம் சுண்டிப்போனது.

"உனக்கு ஏன் தந்தவன்?"

"சும்மா தந்தவன், சிஞ்ஞோரா."

"அவன்ர தேப்பனைத் தொட்டிலிலை கிடக்கேக்கை இருந்து எனக்குத் தெரியும். எனக்கு ஒருநாளும் சும்மா ஒண்டும் தந்ததில்லை. நேற்று வந்த உனக்குத் தாறான்!"

அடுத்தநாள் காலையில் நல்ல உடுப்பு உடுத்தி, சட்டையில் அலங்கார ஊசி குத்தி, இரண்டு மாடி இறங்கி, அந்தக் கடை வாசலில் போய் நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கவே அவன் பயந்துபோய் ஒரு தேசிக்காயை எடுத்துக் கையில் கொடுத்தான். அதை வெட்ட அவர் விடவில்லை. மேசைமேல் இருந்து வற்றிக் கறுத்துப்போகும்வரை அது அங்கேயே இருந்தது.

பல்கனியில் ஒரு சாடியில் பொமேலியா நின்றது. எங்கள் பக்கத்தில் கோயில் வளவுகளில் நிற்குமே, தடித்த கொம்பும் வெள்ளைப் பூவில் மஞ்சள் நடுவுமாக, அதேதான். பலெர்மோவில் அதைப் பிள்ளைபோல வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் மொட்டுகளுக்கு முட்டைக்கோதால் தொப்பி போட்டுவிடுவார்கள். சிஞ்ஞோரா தன் மரத்தைப் பார்த்ததைவிட எதிர்வீட்டு மரத்தைப் பார்த்ததுதான் அதிகம். அங்கே ஒரு பூ கூடுதலாக விரிந்திருந்தால் இங்கே எனக்குத்தான் ஏச்சு, தண்ணீர் ஒழுங்காக ஊற்றவில்லை என்று. தன் மரத்திலிருந்து ஒரு பூவை அவர் யாருக்கும் கொடுத்ததை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற நான் மட்டும் என்ன திறமோ? எனக்கு அந்த மனுசிமேல் பொறாமை. வீடு, தளபாடம் இவற்றைப் பார்த்து வந்த பொறாமை இல்லை. அவர் தூரதேசத்தில் பிறந்தும் சொந்தச் சனத்திடம் திரும்பிவந்தவர். பிறந்த சனத்தின் தெருவில், தகப்பன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பலெர்மோ சரியில்லை என்று நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் தீவில் கடற்படை இறங்கிய பிறகு எங்கள் கோயிலைச் சுற்றி முட்கம்பி அடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த மாதா சொரூபம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. சிஞ்ஞோராவுக்கோ தன் கோயில் மாதா இருந்த கண்ணாடிப் பெட்டியின் சாவியே இடுப்புப் பையில் கிடந்தது. மாதா சபைக்கு அவர்தான் மூத்தவர். அவர் அந்தப் பையைத் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என் வயிறு எரியும்.

ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "நீங்கள் எண்டாலும் திரும்பி வந்தியள், சிஞ்ஞோரா."

"வந்தனானோ? இழுத்துக்கொண்டெல்லோ வந்தவை! அக்கா அங்கை கார் வாசலிலை நிண்டு படம் எடுத்து அனுப்பேக்கை நான் இஞ்சை வாளியிலை தண்ணி தூக்கினனான்."

சிஞ்ஞோரா பிறந்தது அமெரிக்காவில். துணி ஆலைகள் நிறைந்த ஒரு வடக்கு ஊர். தகப்பன் சிசிலியில் தோட்டக் கூலியாக இருந்து கப்பலேறிப் போய், அங்கே ஆலையில் சாயம் தோய்க்கும் பகுதியில் சேர்ந்தவர். சிஞ்ஞோரா பெரிய பிள்ளையான காலத்தில் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பலெர்மோவுக்கே திரும்பிவிட்டார். கலியாணம் முடித்திருந்த அக்கா மட்டும் அங்கே தங்கிவிட்டார். அந்த அக்கா செத்துப் பல வருடமாகியும் சிஞ்ஞோரா அவரை மன்னிக்கவில்லை.

படித்தவர்கள் அமெரிக்காவைப் பற்றி எப்படியெல்லாமோ சொல்வார்கள். இரும்பு, ரயில், மின்சாரம் என்பார்கள். சிஞ்ஞோரா சொன்ன அமெரிக்காவில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும்தான் இருந்தது. அவர் சின்னப் பெட்டையாக நூல்கட்டை மாற்றும் வேலைக்குப் போனபோது ஐரிஷ்காரப் பெண்களுக்கு யன்னலோரத்து மெஷின். இத்தாலிப் பெண்களுக்கு வெக்கையும் பஞ்சுத் தூசியுமான சுவரோரம். மேற்பார்வை பார்த்தவன் ஐரிஷ்காரன். பொலிஸ்காரன் ஐரிஷ்காரன். கோயில் சுவாமியாரும் ஐரிஷ்காரர். அவர்களும் பட்டினியில் வந்து இறங்கியவர்கள்தானாம். அப்போது புரட்டஸ்தாந்து முதலாளிமார் அவர்களைப் படிக்கட்டில்கூட ஏறவிடவில்லையாம்.

"நாங்கள் போய் இறங்கினாப் பிறகுதான் அவை பெரிய ஆக்களானவை," என்பார் சிஞ்ஞோரா. "தங்களுக்குக் கீழை ஆள் வந்தால்தானே மேலை போகலாம்? எங்களாலை வந்த வாழ்வு. ஒரு நன்றி சொன்னவையே?"

அதிகம் சொன்னது கோயிலைப் பற்றி. மேலே பளிங்குப் பீடம், வண்ணக் கண்ணாடி யன்னல், ஐரிஷ்காரருக்குப் பூசை. அதே நேரத்தில் கீழே நிலவறையில், சுடுதண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே, இத்தாலிக்காரருக்குப் பூசை. ஆலையில் வேலைசெய்த இத்தாலிக்காரர் சேர்ந்து சிசிலியிலிருந்து ஒரு மாதா சொரூபத்தை வருவித்தார்கள். அதை மேலே ஏற்ற ஐரிஷ் சுவாமியார் விடவில்லை. சாயம் பிடித்த கைகளோடு வந்து உட்காரும் வாங்குகளைக் கறையாக்கிவிடுவார்கள் என்றாராம். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரில் மாதாவின் ஒரு கன்னத்துப் பூச்சு உரிந்துபோனது. அதைச் சொல்லும்போது சிஞ்ஞோரா தன் கன்னத்தைத் தடவிக்கொள்வார். எனக்கு அப்போது மட்டும் அவர்மேல் பாசம் வரும்.

எங்களுக்கும் கீழறைதான் கிடைத்திருந்தது. சந்துக் கோயிலின் கீழே, பழைய வாங்குகளும் மெழுகுதிரிப் பெட்டிகளும் அடுக்கிவைக்கும் அறையில், ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ப் பூசை நடந்தது. இந்தியாவுக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த வேளாங்கண்ணி மாதா அங்கே ஒரு மேசைமேல் நின்றார். செப்டெம்பரில் அவர் திருநாள். பலெர்மோவில் எங்கள் சனம் பெருகிவிட்டது. ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். சைவக்காரரும் நேர்த்தி வைத்துக்கொண்டு வருவார்கள். கீழறையில் மூச்சுவிட இடமிருக்காது. அந்த முறை திருநாளை மேல்கோயிலில் வைக்கவேண்டும், மாதாவைப் பெரிய பீடத்தருகே ஏற்றவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எனக்கு ஆசை என்று சொன்னால் போதாது. எங்கள் ஊர்க் கோயில் போய்விட்டது. எங்கேயாவது ஒரு கோயிலின் முன்வாங்கில், இது என்னுடையது என்று நினைத்து ஒருதரம் உட்காரவேண்டும்போல இருந்தது.

சுவாமியார் இளம் ஆள். யாரோடும் பகைக்கப் பயந்தவர். "சபைப் பெண்கள் ஓம் எண்டால் எனக்கும் ஓம்," என்றார். சபைப் பெண்கள் என்றால் சிஞ்ஞோரா. அவர் தலையாட்டினால் மற்றக் கிழவிகள் ஆட்டுவார்கள். அவர் வீட்டில் வேலை செய்பவள் நான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் நல்ல நேரம் பார்த்து, கால் நீவிவிட்டுக்கொண்டே கேட்டேன். கீழே நின்று கன்னம் உரிந்த மாதாவைப் பார்த்தவர், அவருக்கு விளங்கும் என்று நம்பினேன்.

"மேலையோ? நாங்கள் அங்கை எத்தினை வருசம் கீழை நிண்டனாங்கள் தெரியுமோ?"

"அதுதான் சிஞ்ஞோரா, உங்களுக்குத் தெரியுந்தானே அந்தக் கஷ்டம்."

"தெரியும். அதுதான் சொல்லுறன். என்ர அப்பா தலை நரைக்குமட்டும் கீழை நிண்டவர். நீங்கள் வந்து பெட்டியே இன்னும் அவிழ்க்கேல்லை. அதுக்குள்ளை மேலை வேணுமோ? நிண்டு பாருங்கோ கொஞ்சக் காலம்."

காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். அன்று பின்னேரம் பல்கனியைக் கூட்டும்போது, "எதிர்வீட்டுப் பொமேலியா என்ன மாதிரிப் பூத்துக் கிடக்கு!" என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆக, அந்த வருடமும் கீழறைதான் என்று முடிவாயிற்று. திருநாளுக்கு முதல்நாள் என் கணவர் சாப்பாட்டுக்கடைத் தோட்டத்திலிருந்து ஒரு பை நிறைய மல்லிகை கொண்டுவந்தார். நாங்கள் நாலைந்து பெண்கள் கீழறையில் இருந்து மாலை கட்டினோம். எங்கள் தீவில் ஒரு வழக்கம். திருநாளுக்கு மாலை கட்டினால் திருநாள்காரருக்கு மட்டும் போட்டுவிட்டு வரமாட்டோம். கோயிலில் எத்தனை சொரூபம் உண்டோ அத்தனைக்கும் ஒவ்வொரு மாலை. ஒருவர் கழுத்து நிறைந்து பக்கத்தில் நிற்பவர் கழுத்து வெறுமையாக இருந்தால் பார்க்க ஒருமாதிரி இருக்கும். வேறு நினைப்பில்லாமல், கை பழகியபடி, எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டோம். பிறகுதான் ஒருத்தி கேட்டாள், மற்றவர்கள் மேலேயெல்லோ நிற்கிறார்கள் என்று. கட்டிய மாலையை வாடவிட முடியுமா? கோயில் கூட்டும் கிழவரிடம் கேட்டுக்கொண்டு மேலே ஏறினோம். அந்தோனியாருக்குப் போட்டோம். சூசையப்பருக்கு, புனித லூசியாவுக்கு, புனித ரொசாலியாவுக்குப் போட்டோம். சபையின் மாதாவுக்கு மட்டும் போட முடியவில்லை. கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது.

மறுநாள் காலையில் செபமாலை சொல்லச் சிஞ்ஞோராவைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே மல்லிகை மணத்தது. சந்தைப் பெண்கள் ஒவ்வொரு சொரூபமாகப் போய் மாலையைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டார்கள். சிஞ்ஞோரா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். என் கையில் அவர் நகம் பதிந்தது.

"எல்லாருக்கும் போட்டிருக்கிறியள். அந்தோனியாருக்கும் போட்டிருக்கிறியள்! இவ என்ன செய்தவ?"

"சாவி உங்களிட்டையெல்லோ இருக்கு."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டதுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி ஞாபகமில்லையோ?"

கீழறையிலிருந்து பாட்டு எழுந்தது. திருநாள் சனம் வரத் தொடங்கிவிட்டது. "கீழை கூட்டிக்கொண்டு போ," என்றார். ஒவ்வொரு படியாக இறக்கினேன். கீழே எங்கள் மாதா தங்கக் கரை வைத்த நீலச் சேலையில், கழுத்து நிறைய மல்லிகையோடு நின்றார். எங்கள் சனத்துக்கு நடுவே சந்துச் சனமும் நின்றது. எல்லோருக்கும் முன்னால், முழங்காலில், கைகூப்பிக்கொண்டு இருந்தது எதிர்வீட்டு விதவை.

விதவை திரும்பிப் பார்த்து, "எவ்வளவு வடிவு, பாத்தியளோ? இவ்வளவு வடிவான மாதாவை நான் என்ர சீவியத்திலை கண்டதில்லை," என்றாள்.

சிஞ்ஞோராவுக்குக் கன்னம் துடித்தது. அமெரிக்க நிலவறையை அந்த நேரம் அவர் நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. நினைத்திருக்கமாட்டார் என்றுதான் படுகிறது. கைத்தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மேலை கொண்டு வாங்கோ அவவை. எங்கட ஆளுக்குப் பக்கத்திலை வையுங்கோ. ஆர் வடிவு எண்டு சனம் பாக்கட்டும்."

எங்கள் ஆண்கள் அவர் மனம் மாறுவதற்குள் மாதாவைத் தூக்கிவிட்டார்கள். சுவாமியார் ஓடிவந்து, சிஞ்ஞோரா முன்னால் போவதைப் பார்த்து, பெரிய கதவைத் திறந்துவிட்டார். நான் அழுதேன். கூடவே சிரிப்பும் வந்தது. நியாயம் கேட்டுக் கிடைக்காதது எரிச்சலில் கிடைத்துவிட்டது.

அதோடு அவர் விடவில்லை. சாவியை என்னிடம் தராமல் தானே பெட்டியைத் திறந்தார். "வீட்டை போ. பல்கனியிலை உள்ள பூ முழுக்க வெட்டிக்கொண்டு வா," என்றார். ஒன்றும் மிஞ்சாமல் வெட்டிவந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க மாலை கட்டினேன். எங்கள் மாலையைவிட நீளமாக வரும்வரை ஊசியைக் கீழே வைக்கவிடவில்லை. சபை மாதாவுக்குப் போட்டுப் பார்த்தால், என்ன சொல்ல, மெழுகு நிறத்து முகத்துக்கு அந்த வெள்ளையும் மஞ்சளும் அப்படிப் பொருந்தியது. எங்கள் பெண்களே எங்கள் மாதாவை விட்டுவிட்டு அங்கே போய் நின்று, "இந்த மாதாதான் வடிவு, என்னடி," என்றார்கள். மாலை கட்டியது நான். இருந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசை தொடங்கியது. முன்வாங்கில் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நினைத்தது கிடைத்துவிட்டது. அந்த நேரம் ஒரு கானா நாட்டுப் பெண், எங்கள் சந்தில்தான் வீடுகள் துடைப்பவள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாங்கின் ஓரத்தில் இருந்தாள். எங்கள் திருநாள் கொமிற்றியில் இருந்த அக்கா ஒருவர் எழுந்துபோய் அவள் தோளைத் தட்டினார். "பின்னுக்கு, பின்னுக்கு. இண்டைக்கு எங்கட ஆக்களுக்குத்தான் முன்வாங்கு," என்று இத்தாலியனில் சொன்னார். அந்தப் பெண் பிள்ளையோடு எழுந்து கடைசி வாங்குக்குப் போனாள்.

நான் எழும்ப முயன்றேன். சிஞ்ஞோரா என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார்.

"இரு. அங்கையும் இப்பிடித்தான்," என்று காதுக்குள் சொன்னார். "எங்களுக்கு மேலை இடம் தந்த முதல் ஞாயிறு, ஒரு கறுத்த குடும்பம் வந்து முன்னுக்கு இருந்தது. முதல் உலகச் சண்டை நேரம் ஆலையிலை ஆள் போதாமல் தெற்கிலை இருந்து கூட்டிவந்த ஆக்கள். என்ர அம்மாதான் எழுப்பிவிட்டவ. அண்டையோடை எங்களை ஒருத்தரும் கறுப்பர் எண்டு கூப்பிடேல்லை."

"பாவமா இருக்கேல்லையோ, சிஞ்ஞோரா?"

"அந்தக் குடும்பத்துப் பெட்டைக்கு மஞ்சள் சப்பாத்து. புதுசு. எனக்கு அக்கான்ர பழசு." அவ்வளவுதான் மறுமொழி.

திவ்விய நற்கருணை முடிந்து ஓர் இத்தாலியன் மாதா பாட்டு எழுந்தது. எங்கள் சனத்துக்குச் சொல் முழுதாகத் தெரியாது, முணுமுணுத்தோம். அப்போது கடைசி வாங்கிலிருந்து அந்தக் கானாப் பெண் பாடினாள். முழுக் குரலையும் விட்டுப் பாடினாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எதிர்வீட்டு விதவை திரும்பினாள். சுவாமியார் பீடத்திலிருந்து பார்த்தார். இரண்டு மாதாவையும் ஒருவரும் பார்க்கவில்லை.

சிஞ்ஞோரா அந்தரப்பட்டார். அங்கே ஏதோ ஒன்று நடக்கிறது, தான் இங்கே இருக்கிறார். தடியை ஊன்றி எழுந்தார். பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு, வாங்கு வாங்காகப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் பின்னோக்கி நடந்தார். கடைசி வாங்குக்குப் போய், அந்தப் பெண்ணைத் தள்ளியிருக்கச் சொல்லி, பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். பிள்ளை அவர் சட்டை ஊசியைப் பிடித்து இழுத்தது. கோயிலே அவர்களைப் பார்த்தது. சிஞ்ஞோரா அப்படிச் சிரித்து நான் ஒருநாளும் கண்டதில்லை. என்னோடு அவர் அப்படி ஒருதரமும் பாடியதில்லை.

பெரிய பீடத்துக்கு முன்னால், எங்களுக்கென்று கிடைத்த முன்வாங்கில், பக்கத்தில் ஆளில்லாமல் இருந்தேன். கழுத்து நோக நோக நானும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.